கண் கட்டியவருக்குக் கை ஜாடை

அன்றைக்கு மழை பெய்ததா, பெய்து ஓய்ந்திருந்ததா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. குவளை முதலில் கவிழ்ந்ததா, நாற்காலி முதலில் விழுந்ததா என்று கேட்டால் அந்தக் கூடத்தில் இருந்தவர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்டதையும் என் மனது பிற்பாடு சேர்த்துக்கொண்டதையும் பிரித்தெடுக்க முடியாமல்தான் இதைச் சொல்கிறேன். பேசிய பேச்சு ஏறக்குறைய சரியாக இருக்கும். பேசாமல் இருந்த நேரம் எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தப்புச் சொல்வார்கள். நானும் சொல்லக்கூடும்.

அது ஒரு சரக்கு யார்டு. லாரி லாரியாக இரும்புக் குழாய்களும் தகடுகளும் வந்து இறங்கும். கிரேன் மோட்டாரின் இரைச்சலும் இரும்போடு இரும்பு மோதுகிற சத்தமும் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்தான் அடங்கும். கேபினில் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே நிற்பவனின் குரல் கேட்காது. அதனால் கைதான் பேசும். ஆள்காட்டி விரலை மேலே நிமிர்த்திச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. கையை நீட்டி, உள்ளங்கையைத் தரை பார்க்க வைத்தால் நிறுத்து. வீட்டுக்குப் போனாலும் இந்தப் பழக்கம் அவர்களை விடாது. சோறு போதும் என்பதற்கு உள்ளங்கையை நீட்டுவார்கள். "வாயில கொழுக்கட்டையா?" என்று பெண்டாட்டிமார் திட்டுவார்கள்.

இது அந்த யார்டில் வேலை பார்த்த ஒருத்தியின் கதை. அங்கே பெரிய கிரேனை ஓட்டியவர் அவளுடைய கணவர். எல்லோருக்கும் அவர் ஆபரேட்டர். கீழே நின்று அவருக்கு ஜாடை காட்டியவன் அவளுடைய தம்பி. அவனுக்கு சிக்னல் என்றே பேர். தம்பியை அந்த வேலைக்குக் கூட்டிவந்ததும் ஆபரேட்டர்தான். மாடிவீடு ஒன்றில் கீழே அக்காவும் மாமாவும், மேலே தம்பியும் அவன் மனைவியும். வேலையிலும் மாமா மேலே, தம்பி கீழே. வீட்டில் அது தலைகீழ் என்று யார்டில் கேலி பேசுவார்கள். பல வருஷம் அவர்கள் வேலையில் ஒரு கீறல்கூட யாருக்கும் விழுந்ததில்லை.

முந்தைய மழைக்காலத்தில் ஒருநாள் அது நடந்தது. குழாய்க்கட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தபோது, அடியில் வைத்த மரக்கட்டை சரிந்திருப்பதைப் பார்த்து லோடுமேன் ஒருவன் உள்ளே நுழைந்துவிட்டான். காலடிச் சத்தமே கேட்காமல் நடப்பதால் அவனைப் பூனை என்பார்கள். கட்டு நிற்கவில்லை. பூனையின் இடது காலில் இறங்கியது. உயிருக்கு ஒன்றுமில்லை, இரண்டு விரல்கள் போயின.

"நிறுத்தச் சொல்லி ஜாடை வரலை" என்றார் ஆபரேட்டர். "காட்டினேன்" என்றான் தம்பி. விசாரணை முழுக்க இருவரும் அந்த ஒற்றைச் சொல்லை விட்டு நகரவில்லை. கடைசியில் இருவரையும் வேறு வேறு ஷிஃப்டில் போட்டுவிட்டு, விசாரித்தவர்கள் எழுந்து போனார்கள். அன்றிலிருந்து மாமாவும் மச்சானும் பேசுவதில்லை. ஒருவர் படியில் ஏறும்போது இன்னொருவர் இறங்க நேர்ந்தால், செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் அவள். அந்த யார்டின் பயிற்சிப் பிரிவில் அவளுக்கு வேலை. தொழிலாளிகளை ஒரு கூடத்தில் கூட்டி விளையாட்டு நடத்துவாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சதுரம் போடுவது, செய்தித்தாளில் கோபுரம் கட்டுவது, இப்படி. விளையாடி முடித்ததும் வட்டமாக உட்காரவைத்து, என்ன நடந்தது, என்ன தோன்றியது, நாளைக்கு வேலையில் இதை என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும். விளையாட்டை அவள் வெகு நன்றாக நடத்துவாள். கேட்பதில்தான் சிக்கல். கேட்டுவிட்டு யாரும் வாய் திறக்காமல் கொஞ்ச நேரம் கடந்தால் அவளுக்கு நெஞ்சு படபடக்கும். "அதாவது, நாம என்ன கத்துக்கிட்டோம்னா..." என்று அவளே ஆரம்பித்துவிடுவாள். ஒருதரம் பிரிவின் மேலாளர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேள்வி நல்லா கேக்கறீங்க. பதிலும் நீங்களே நல்லா சொல்றீங்க."

அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் பழக்கத்தை விட முடியவில்லை. வீட்டிலும் அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அன்று காலை படியில் தம்பி மனைவி ஒரு அட்டைப் பெட்டியோடு நின்றாள். ஏழு மாதம்; படியிறங்கவே மூச்சு வாங்கியது.

"அண்ணி, இந்தப் பெட்டி உங்களுக்கு வேணுமா? இல்லைன்னா பாத்திரம் கட்ட எடுத்துக்கறேன்."

"இப்பவே என்ன கட்டறது? மாத்தல் உத்தரவே வரலையே."

"இந்த வாரம் வந்துடுமாம். கடைசி நேரத்துல வயித்தைத் தள்ளிக்கிட்டு என்னால ஓட முடியாது."

"அவ்வளவு தூரத்துல பிரசவத்துக்கு உனக்கு யாரு இருக்கா?"

"அதை உங்க தம்பிகிட்ட கேளுங்க. நான் கேட்டா இப்படிக் காட்டறாரு." அவள் உள்ளங்கையைத் தரை பார்க்க நீட்டிக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

யார்டில் இரண்டு ஷிஃப்டையும் ஒன்றாக்கப் போகிறார்கள். ஆபரேட்டரும் சிக்னலும் மறுபடி ஒரே கிரேனில் வேலை பார்க்க வேண்டும். அது முடியாது என்றுதான் தம்பி வெளியூர் யார்டுக்கு மாற்றல் கேட்டிருந்தான். உத்தரவு வந்துவிட்டால் மேல்மாடி காலி.

கீழே ஆபரேட்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கீரையைச் சோற்றோடு பிசைந்தபடி கேட்டார்.

"என்னவாம் மேல?"

"போறதுக்கு அவனுக்கு மனசே இல்லையாம். உங்களை விட்டுட்டுப் போறதுதான் கஷ்டமா இருக்காம்."

அவர் மென்று முழுங்கினார்.

"அவன் அப்படிப் பேச மாட்டான். அது உன் பேச்சு."

"யார் பேச்சா இருந்தா என்னங்க?"

"நீ பேசறதுக்கு நான் பதில் சொன்னா, அது உனக்குச் சொன்ன பதிலு." கையைக் கழுவிக்கொண்டே, "இன்னைக்கு எனக்கும் உன் கிளாஸ்தான்" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பியை இன்றைக்கும் அவரை நாளைக்குமாக அவள்தான் பார்த்துப் பார்த்துப் பிரித்திருந்தாள்.

"நீங்க நாளைக்குத்தானே?"

"நாளைக்குப் பெரிய லோடு வருதாம். இன்னைக்கே போய் விளையாடிட்டு வாங்கன்னுட்டாரு இன்ஜினியர்."

கூடம் முன்பு உதிரிபாகக் கிடங்காக இருந்தது. தகரக் கூரை, எவ்வளவு கழுவினாலும் போகாத கிரீஸ் வாடை. பூட்ஸ் காலோடு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஆபரேட்டர் ஒரு கோடியில், தம்பி மறு கோடியில். பூனை நடுவில், காலை நீட்டி உட்கார்ந்தான். விபத்துக்குப் பிறகு அவன் நடந்தால் சத்தம் கேட்டது. ஆனால் பேர் மாறவில்லை.

"டீச்சரம்மா, இன்னைக்கு என்ன, பாண்டியா கண்ணாமூச்சியா?" என்றான் பின்வரிசை வெல்டர்.

"கண்ணாமூச்சிக்குக் கிட்டத்துல."

"எதுவா இருந்தாலும் கடைசியில கம்யூனிகேஷன்னு சொன்னா டீ வந்துடும். இப்பவே சொல்லிடட்டுமா?"

அவளும் சிரித்துவைத்தாள். வழக்கம்போல் முதலிலேயே சொன்னாள்: இந்தக் கூடத்தில் பேசுவது இங்கேயே இருக்கும், யாரும் எழுதப் போவதில்லை. பிறகு விளையாட்டை விளக்கினாள். ஜோடியில் ஒருவருக்குக் கண் கட்டப்படும். கையில் நிறையத் தண்ணீரோடு குவளை. கலைத்துப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, எதிர்ச்சுவர் ஓரம் சாக்பீஸால் போட்ட வட்டத்துக்குள் அதை வைக்க வேண்டும். ஜோடியின் இன்னொருவர் கோட்டுக்குப் பின்னால் நின்று வாயால் வழி சொல்ல வேண்டும்.

ஜோடி சேர்க்க ஒரு பையில் வண்ணநூல் துண்டுகள் வைத்திருந்தாள். ஆபரேட்டர் கையில் பச்சை வந்தது. கொஞ்சம் கழித்துத் தம்பி கையிலும் பச்சை வந்தது. கூடத்தில் பேச்சு நின்றது. "இரு, நான் வேற..." என்று அவள் பையை நீட்டினாள்.

"ஆட்டம்னா ஆட்டம்தான் டீச்சரம்மா" என்றான் பூனை. குரலில் கேலி இல்லை.

முதலில் ஆடிய ஜோடிகள் ஒரே கலாட்டா. "லெஃப்ட்டுடா! உன் லெஃப்ட்டு இல்ல, என் லெஃப்ட்டு!" என்று ஒருவன் கத்த, கண் கட்டியவன் வட்டமடித்துக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தான். பச்சை ஜோடியின் முறை வந்ததும் சத்தம் தானாகத் தணிந்தது. ஆபரேட்டரின் கண்ணை அவளேதான் கட்டினாள். அவர் கழுத்து வியர்த்திருந்தது. குவளையைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

தம்பி கோட்டுக்குப் பின்னால் நின்றான். வாய் திறந்தது, மூடியது. மாதக்கணக்காகப் பேசாத ஆளிடம் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது? ஆபரேட்டர் இருட்டில் காத்திருந்தார். தம்பியின் வலதுகை மெல்ல எழுந்தது. விரலை நீட்டி முன்னால் வா என்று காட்டினான்.

கூடம் வெடித்துச் சிரித்தது. "டேய், கண்ணைக் கட்டினவருக்குக் கையைக் காட்டறான் பாருடா!"

சிரிப்பு எதற்கென்று ஆபரேட்டருக்குத் தெரியவில்லை. ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கேட்டார். குரல் வரவில்லை. அவர் நடக்க ஆரம்பித்தார். நேராக, அவருடைய வழக்கமான நிதானத்தோடு. முதல் நாற்காலியைத் தப்பினார். அடுத்ததை நெருங்கியபோது தம்பியின் கை நீண்டு உள்ளங்கை தரையைப் பார்த்தது. அவர் நிற்கவில்லை. முழங்கால் மோதி நாற்காலி சரிந்தது; குவளை கவிழ்ந்து தண்ணீர் முழுக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூனையின் காலில் கொட்டியது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தம்பியின் கை நீட்டியது நீட்டியபடி இருந்தது.

அவள் எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொன்னாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"என்ன நடந்துச்சு?"

"கம்யூனிகேஷன்!" என்றான் வெல்டர், பழக்கதோஷத்தில். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் அவள் கரும்பலகையில் அதை எழுதி அடிக்கோடு போட்டிருப்பாள். இன்றைக்குச் சாக்பீஸை மேசைமேல் வைத்தாள்.

"என்ன பாடம்னு கேட்கலை. என்ன நடந்துச்சு? பார்த்ததை மட்டும் சொல்லுங்க."

"குவளை கவுந்துச்சு."

"என் காலு நனைஞ்சுது" என்றான் பூனை.

"சிக்னல் கையைக் காட்டினான். நம்ம பொழப்பு அப்படி. நானா இருந்தாலும் கைதான் முதல்ல வந்திருக்கும்."

அதோடு பேச்சு நின்றது. அவள் வாயில் வாக்கியம் முழுதாகத் தயாராக இருந்தது. அன்றைக்கும் இதேதான் நடந்தது. நீ காட்டினாய், அவர் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று தெரிந்தும் நிற்கவில்லை. சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். இருவரும் தலையாட்டுவார்கள். டீ வரும். தம்பி ஊருக்குப் போய்விடுவான். ஏனென்றால் அது அவள் பேச்சு.

அவள் உள்ளங்கைகளைத் தொடைமேல் அழுத்திக்கொண்டாள். கூரைத் தகரம் எங்கோ படபடத்தது. வெளியே கிரேன் மோட்டார் ஏறி இறங்கியது. கவிழ்ந்த தண்ணீர் தரையின் சரிவைத் தேடி ஓடி, ஒருவனின் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு போனது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். யாரோ இருமினார்கள். அவள் பேசவில்லை. பிறகு தம்பியைப் பார்த்துக் கேட்டாள்.

"கை எழுந்தப்ப உனக்கு என்ன தோணுச்சு?"

"ஒண்ணும் தோணலை. அதுவா எழுந்துச்சு."

அவள் காத்திருந்தாள்.

"அவருக்குத் தெரியாதுன்னு தெரியும்" என்றான் தம்பி. "கை எடுக்கும்போதே தெரியும். இருந்தாலும் காட்டிட்டேன். காட்டிட்டா நம்ம வேலை முடிஞ்சுதுன்னு ஒரு இது..." மேலே சொல்லாமல் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டான்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். ஏன் நிற்கவில்லை என்றுதான் முதலில் நாக்கில் வந்தது. அது கேள்வி இல்லை, குத்து. மாற்றிக் கேட்டாள்.

"குரல் வராதப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

"நடந்தேன்."

வெல்டர் டீ கேட்க வாயெடுத்தான். பக்கத்திலிருந்தவன் அவன் தொடையில் தட்டினான்.

"ஏதாவது இருந்தா அவன் சொல்லுவான்னு நடந்தேன்" என்றார் ஆபரேட்டர். "சொல்லலைன்னா சரியாத்தான் போறேன்னு..." கழுத்தில் இறங்கிக்கிடந்த கட்டுத்துணியை முடிச்சவிழ்த்துக் கையில் எடுத்தார். அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தலை நிமிராமல் பேசினார்.

"அன்னைக்கு நான் உன்னையே பார்க்கலை மாப்ள."

துணியை மடித்துக்கொண்டே தொடர்ந்தார்.

"ஜாடை வரலைன்னுதான் விசாரணையில சொன்னேன். ஆளே தெரியலைன்னு சொல்லலை. லோடு குறுக்க இருந்துச்சு. ஆளு தெரியலைன்னா நிறுத்தணும். நேத்து சேர்ந்தவனுக்கும் தெரியும் அது. நீ எப்பவும் நிக்கற இடத்துலதான் நிப்பேன்னு இறக்கிட்டேன்."

தம்பி கக்கத்திலிருந்து கையை எடுத்தான்.

"நான் அங்க நிக்கலை மாமா. பூனையை இழுக்கலாம்னு இந்தப் பக்கம் ஓடிவந்துட்டேன். அங்கிருந்து கேபின் தெரியலை. தெரியாமலே கையைக் காட்டினேன். காட்டினேன்னு சொன்னது பொய் இல்ல."

"இல்ல."

"ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு எனக்குத் தெரியும். அதை யாரும் கேக்கலை. நானும் சொல்லலை."

அவளுக்கு அழுகை முட்டியது. இத்தோடு நல்லபடியாக முடித்துவிடலாம் என்று ஆசையாகவும் இருந்தது. அப்போது பூனை நனைந்த காலை இழுத்து மடக்கிக்கொண்டான்.

"முடிஞ்சுதா ரெண்டு பேருக்கும்? நான் ஒண்ணு சொல்லலாமா? காட்டினேன், வரலை, காட்டினேன், வரலை. இத்தனை மாசமா இதே பாட்டு. வலிக்குதாடான்னு ஒருத்தர் கேட்டீங்களா? நீங்களும்தான் டீச்சரம்மா. எங்க வீட்டுக்குப் பழம் வாங்கிட்டு வந்தீங்க. வந்து உங்க தம்பியைப் பத்தியும் வீட்டுக்காரரைப் பத்தியுமே பேசிட்டுப் போனீங்க."

அது உண்மை. அவள் முகம் எரிந்தது. வாயைத் திறந்து, சமாதானம் எதுவும் சொல்லாமல், "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"குளிர்ல வலிக்குது. இல்லாத விரல்தான் வலிக்குது. டாக்டர் அப்படித்தான் இருக்கும்கறாரு." கொஞ்சம் யோசித்து, "நானும் கேக்காம உள்ள நுழைஞ்சிருக்கக் கூடாது. அதையும் நானே சொல்லிடறேன், அப்புறம் நீங்க யாரும் சொல்லிக்காட்டக் கூடாது" என்றான். யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்தான். தம்பி எழுந்துபோய் ஒரு சாக்கை எடுத்துவந்து அவன் காலடியில் போட்டு ஈரத்தைத் துடைத்தான். துடைக்கும் சாக்கில் அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாவது கேள்வியை அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "அப்ப கேபினுக்கு ஆள் தெரியலைன்னா என்ன பண்றது?" என்று வெல்டரே ஆரம்பித்தான். சண்டைபோல ஒரு பேச்சு கிளம்பியது. தெரியாவிட்டால் நிறுத்தி ஹாரன் அடிக்க வேண்டும் என்றார் ஒருவர். ஹாரன் அடித்தால் லாரிக்காரன் கிளம்பிவிடுவான் என்றார் இன்னொருவர். இரண்டு தடவை அடித்தால்? இடம் மாறவேண்டுமென்றால் சிக்னல்காரன் முதலில் நிறுத்து காட்டி, லோடு நின்ற பிறகுதான் நகர வேண்டும் என்றான் தம்பி. "அவசரத்துல அது முடியுமாடா?" என்றார் ஆபரேட்டர். "அவசரத்துக்குத்தான் மாமா அது." அவன் மறுபடி சகஜமாக மாமா என்றதை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

டீ வந்து ஆறிப்போயிருந்தது. குடித்து முடித்ததும் ஆபரேட்டர் அவளிடம் வந்தார்.

"இங்க பேசினது இங்கயேன்னு சொன்னே. நான் இன்ஜினியர்கிட்ட போறேன்."

"என்னங்க, கேபினை விட்டு இறக்கிடுவாங்க."

"இறக்கட்டும்."

"நானும் வரேன்" என்றான் தம்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

இன்ஜினியர் அறைக்கு இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் ஆபரேட்டர் வெகுநேரம் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மாடியில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது.

"மேல என்னவாம்?"

"தெரியலைங்க. போய்க் கேளுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து படியேறினார். அவள் முட்டைகளை வேகவைத்து ஓடு உரித்தாள். காதைத் தீட்டிக்கொள்ளக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளும் மேலே ஒரு பேச்சுக் குரல் வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

தம்பி மனைவி சுவரைப் பிடித்தபடி இறங்கிவந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"அலமாரியை நான் நகர்த்தி வச்சிருந்தேன்ல அண்ணி? ரெண்டு பேரும் சேர்ந்து அதைப் பழைய இடத்துக்கே தள்றாங்க. ஒரு வார்த்தை பேசலை. இவரு கையைக் காட்டறாரு, அண்ணன் தள்றாரு."

"போறதைப் பத்தி?"

"கேட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து எனக்குக் கையைக் காட்டறாங்க."

அவள் இன்னும் இரண்டு முட்டைகளை எடுத்து அடுப்பில் போட்டாள்.

ஆபரேட்டரைக் கேபினிலிருந்து இறக்கினார்கள். அடுத்த மழைக்காலம்வரை தரையில் கொக்கி மாட்டும் வேலை பார்த்தார். மறுபடி கேபினுக்குப் போனபோது கண்ணாடி போடவேண்டியிருந்தது. தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். மாற்றல் விண்ணப்பத்தை அவன் திரும்ப வாங்கிக்கொண்டான். பெண் குழந்தை பிறந்தது, பெரிய குரல். பூனை சிக்னல் வேலைக்குப் பயிற்சி எடுத்துத் தேறினான். லோடின் அடியில் யார் தலை தெரிந்தாலும் அவன் திட்டுகிற திட்டு கேபினுக்கே கேட்கும் என்பார்கள். வெல்டர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். இரண்டு ஹாரன் பழக்கம் அந்த யார்டில் நிலைத்தது. அவள் இன்னும் பல வருஷம் அந்தக் கூடத்தில் விளையாட்டு நடத்தினாள். அமைதி வந்தால் நெஞ்சு படபடப்பது கடைசிவரை நிற்கவில்லை, பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். மாமாவும் மச்சானும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்தார்கள். அதன் பிறகும் அவர்களுக்குள் சண்டை வந்தது, தண்ணீர்த் தொட்டிக்காக ஒருதரம், வண்டி நிறுத்தும் இடத்துக்காக ஒருதரம். இரண்டையும் வாசலில் நின்று அவர்களே நேருக்கு நேர் போட்டுக்கொண்டார்கள்.